ஒரே பாதை, ஐந்து நடை: மலைப்பாதைக்கு எந்த ஜிபிஎஸ் செயலி?

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றிருந்தோம், நானும் அண்ணனும். மாலை நாலரை மணி. மேகம் தாழ இறங்கிவிட்டதால் முப்பதடிக்கு அப்பால் எது மரம், எது பாறை என்று தெரியவில்லை. போன வாரமே வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்திருந்த தைரியத்தில் போனை எடுத்தேன். செயலியைத் திறந்ததும் வரைபடத்துக்குப் பதில் ஒரு பெட்டி வந்தது: மீண்டும் உள்நுழையவும். உள்நுழைய இணையம் வேண்டும். அங்கே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வரைபடம் முழுவதும் என் கையில் இருந்த போனுக்குள்தான் இருந்தது, ஆனால் அதைப் பார்க்க வழியில்லை.

"போனை உள்ள வை. வந்த வழியே திரும்பிடலாம். இருட்டுறதுக்குள்ள காட்டை விட்டு வெளிய போயிடணும்" என்றார் அண்ணன். திரும்பினோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைப் பக்கத்தில் அந்தச் செயலிக்கு இருந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்களில் எத்தனை பேர் சிக்னல் இல்லாத இடத்தில், களைத்துப்போய், ஈரக் கையோடு அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

அதனால் நானே சோதிக்க முடிவு செய்தேன். எனக்கும் அண்ணனுக்கும் மனப்பாடமான ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 450 மீட்டர். முதலில் வண்டிப்பாதை. அப்புறம் அடர்ந்த காடு, நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு மேல் மரப்பாலம். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு வீடு அளவுக்குப் பெரிய பாறையின் பக்கத்தில் பாதை கவடாகப் பிரியும். இடதுபக்கம் போனால் முகடு. வலதுபக்கம் போனால் கொஞ்ச நேரத்தில் செங்குத்துச் சரிவின் விளிம்பில் போய் முடியும், அது கால்நடைகள் நடந்து உண்டான தடம். இந்தப் பாதையை ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு செயலியாக நடந்தோம். எல்லா நடையிலும் போன் ஏர்பிளேன் மோடில்தான்.

தெரிந்த பாதையில் எதற்கு வழிகாட்டி என்று அண்ணன் முதலில் கேட்டார். தெரிந்த பாதையில்தான் செயலி சொல்வது சரியா தப்பா என்று நமக்குத் தெரியும். தெரியாத பாதையில் அது சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. செயலி தேடும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் பலமுறை நடந்த ஒரு பாதையை எடுத்துக்கொண்டு அதில் சோதியுங்கள். வரைபடத்தில் அந்தக் கவடு இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, நடக்க முடியாத தடத்தை நல்ல பாதைபோலக் காட்டுகிறதா என்று பாருங்கள். அரை நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்களோடு நடக்கும் நண்பர்களில் பலர் இன்னும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் வேலை செய்ய சிம் கார்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். போன் திருப்பி எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் நாம் நிற்கும் இடமும் உயரமும் கணக்கில் வந்துவிடும். இன்றைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்பதால் பெரும்பாலும் நான்குக்கு மேலேயே கிடைக்கும். ஏர்பிளேன் மோடிலும் இது நடக்கும். டவர் இல்லாதபோது காணாமல் போவது வரைபடம்தான். நீலப் புள்ளி சரியான இடத்தில் நிற்கும், அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள் இருக்கும்.

டவர் ஒரு வகையில் உதவுவது உண்மை. எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இணையம் வழியாக போன் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இணையம் இல்லையென்றால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும், அது நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வரும். முழு அட்டவணையும் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். அதனால் நடையைத் தொடங்கும் இடத்திலேயே, வானம் திறந்திருக்கும்போது, செயலியைத் திறந்து புள்ளி நிலைபெறும் வரை நில்லுங்கள். காட்டுக்குள் போன பிறகு முதல் முறையாகத் திறந்தால் அது வானத்தைத் தேடிக்கொண்டே இருக்கும்.

சரி, செயலிகளுக்கு வருகிறேன்.

முதல் வாரம் ஆர்கானிக் மேப்ஸ். மேப்ஸ்.மீ என்ற பழைய செயலியின் மூலநிரலிலிருந்து பிரிந்து வந்தது இது. விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்கச் சொல்வதில்லை, கட்டணமும் இல்லை. நான் பட்ட பாட்டுக்குப் பிறகு "கணக்கு இல்லை" என்ற ஒரே காரணத்துக்காகவே இதன்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. உள்நுழைவே இல்லாத செயலி என்னை எப்படி வெளியே நிறுத்தும்? நமக்கு வேண்டிய பகுதியைப் பதிவிறக்கிவிட்டால் தேடல், நடைவழி, ஏற்ற இறக்கப் படம் எல்லாம் இணையம் இல்லாமலே கிடைக்கும். சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளை, காட்டச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அதை முதல் நாளே அழுத்தி வையுங்கள், மலையில் அது இல்லாத வரைபடம் பாதி வரைபடம்தான். வேறொருவர் நடந்த வழியைச் சேமித்து அனுப்பிய கோப்பை (ஜிபிஎக்ஸ் என்பார்கள்) திறக்கலாம், நடந்த வழியைப் பதிவுசெய்யும் வசதியும் இப்போது இருக்கிறது.

எங்கள் பாதையில் பாறைக்கவடு இருந்தது, ஓடை இருந்தது, பாலம் இருந்தது. வலதுபக்கத் தடமும் இருந்தது, ஆனால் அது சரிவின் விளிம்போடு நின்றுவிட்டது, அதைத் தாண்டிக் கோடு இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவர் அந்த இடம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை வரைந்திருக்கிறார்.

அந்த யாரோ ஒருவர்தான் இந்தக் கதையில் முக்கியமானவர். ஆர்கானிக் மேப்ஸுக்கும், அடுத்து நான் சொல்லப்போகும் ஆஸ்ம்ஆண்டுக்கும், இன்னும் பல மலையேற்றச் செயலிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தரவு: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம், உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வரைந்து சேர்ப்பது. அதனால் இரண்டு செயலிகளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பல நேரங்களில் ஒரே வரைபடத்தின் இரண்டு நிறங்களைத்தான் ஒப்பிடுகிறோம். ஒன்றில் இல்லாத பாதை மற்றதிலும் இருக்காது. உங்கள் பகுதியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அதன் இணையதளத்திலேயே முதலில் பாருங்கள். பாதைகள் அடர்த்தியாக இருந்தால் இந்த வகைச் செயலிகள் எதுவும் உதவும். வெறுமையாக இருந்தால் எந்தச் செயலிக்குச் சந்தா கட்டியும் பயனில்லை. அரசு நில அளவைத் துறையின் வரைபடம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாம் வாரம் ஆஸ்ம்ஆண்ட். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. முதலில் திறந்தபோது அமைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போனேன். நடை, மிதிவண்டி, வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சுயவிவரம், ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி எழுத்தளவு, தனிப் பொத்தான்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நடைக்கான சுயவிவரத்தை எனக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கடைகள், பேருந்து நிறுத்தங்கள் எல்லாவற்றையும் மறைத்தேன். தண்ணீர் கிடைக்கும் இடங்களையும் ஒதுங்க இடம் இருக்கும் கொட்டகைகளையும் மட்டும் விட்டுவைத்தேன். திரையின் மேல் மூலையில் இரண்டே எண்கள்: இப்போதைய உயரம், தொடங்கிய இடத்துக்கு நேர்த் தொலைவு. அந்த ஒரு நாள் உழைப்புக்குப் பிறகு இது என் கைக்கென்றே செய்த கருவிபோல ஆகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாதையின் கடினத்தைக் காட்டும் வசதி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதைகளுக்கு சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் அளவுகோலைக் குறித்து வைப்பார்கள். டி1 என்றால் யாரும் நடக்கக்கூடிய பாதை, டி6 என்றால் ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும். அமைப்பில் அதை இயக்கினால் பாதைகள் கடினத்துக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துக்கொண்டு போகும் நாளில் இந்த நிறத்தைப் பார்க்காமல் நான் வழியைத் தீர்மானிப்பதில்லை. குறிக்கப்படாத பாதைகளும் உண்டு. குறி இல்லை என்பதற்கு எளிது என்று அர்த்தமில்லை, அங்கே சம உயரக் கோடுகளை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். இலவசப் பதிப்பில் இத்தனை வரைபடங்கள்தான் பதிவிறக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது, சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. நான் கட்டினேன், வருத்தமில்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆல்டிரெயில்ஸ், கோமூட் இரண்டும் 2010இல் தொடங்கப்பட்டவை. இரண்டும் வீட்டில் உட்கார்ந்து எங்கே போகலாம் என்று தேடுவதற்கு அருமையானவை. முன்பு போனவர்கள் போட்ட படங்கள், பாதை சேறாக இருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா என்ற குறிப்புகள் ஆல்டிரெயில்ஸில் கிடைக்கும். கோமூட்டில் வழியை விரலால் இழுத்து மாற்றும்போது தரை எப்படிப்பட்டது, எவ்வளவு ஏற்றம் என்பதும் சேர்ந்தே மாறித் தெரிவது எனக்குப் பிடித்தது. ஆல்டிரெயில்ஸில் வரைபடத்தைப் பதிவிறக்கி வைக்கச் சந்தா வேண்டும். கையா ஜிபிஎஸ்ஸின் பலம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய வரைபடங்கள். நிலப்படம், செயற்கைக்கோள் படம், சரிவின் செங்குத்தைக் காட்டும் நிறம் என்று அடுக்கலாம். அதிலும் இணையமில்லாத பயன்பாடு சந்தாவோடுதான். அடிக்கடி புதிய மலைகளுக்குப் போகிறவர்களுக்கு அது தகும். மாதம் ஒருமுறை, பழகிய பகுதியிலேயே நடக்கிறவர்களுக்குத் தேவைப்படாது என்பது என் கருத்து.

கூகுள் மேப்ஸ் போதாதா என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். மலையடிவாரம் வரை வண்டியில் போய்ச்சேர நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இணையமில்லாத நிலையில் அது வண்டிக்கு வழி சொல்லும், நடைக்குச் சொல்லாது. ஒற்றையடிப் பாதைகளும் அதில் குறைவு.

இப்போது எல்லாச் செயலிக்கும் பொதுவான சில விஷயங்கள். இவை தெரியாமல் எதை வாங்கினாலும் ஏமாற்றம்தான்.

திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். பள்ளத்தாக்கிலும் மரங்களுக்கு அடியிலும் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். பாதை குறுகிய கோணத்தில் பிரியும் இடத்தில் இதன் விளைவு என்னவென்று யோசித்துப் பாருங்கள். முதல் இருபது முப்பது அடிக்கு இரண்டு பாதையும் அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். நீங்கள் தவறான பாதையில் நடந்தாலும் புள்ளி சரியான கோட்டின்மேல் நிற்பதுபோலவே தெரியும். அதனால் கவட்டில் நின்று போனைப் பார்ப்பது போதாது. ஐம்பது அறுபது தப்படி நடந்துவிட்டு, நின்று, மறுபடி பார்க்க வேண்டும். பாறைக்கவட்டில் ஐந்து வாரமும் இதைச் செய்து பார்த்தோம், வேண்டுமென்றே வலதுபக்கம் திரும்பி. இரண்டு முறை நாற்பது தப்படி போன பிறகுதான் புள்ளி இடதுபாதையை விட்டு விலகியது. செயலியைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று வருகிறதே, அதுதான் நேர்மையான பதில். நாம் அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறோம். அந்த வட்டத்தைக் காட்டாத செயலியை நான் வைத்துக்கொள்வதில்லை.

உயரக் கணக்கு இன்னொன்று. முகட்டில் நின்றுகொண்டு அண்ணன் போனையும் என் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், நாற்பது மீட்டர் வித்தியாசம். ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடுவது பூமிக்குப் பொருத்திய ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து. நமக்கு வேண்டியது கடல் மட்டத்திலிருந்து உயரம். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி உலகில் சில இடங்களில் நூறு மீட்டரைக்கூடத் தொடும். சில செயலிகள் அதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது, சிலவற்றில் அமைப்பில் போய் நாம் இயக்க வேண்டும். அடிவாரத்தில் உயரம் எழுதிய பலகை இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம், காற்றழுத்தமானி உள்ள போன்களில் ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும், ஆகவே நாள் முழுவதும் அதை மட்டும் நம்ப முடியாது.

சம உயரக் கோடுகளை நான் இவ்வளவு வற்புறுத்துவதால் அவற்றின் குறையையும் சொல்லியாக வேண்டும். பல செயலிகளில் அந்தக் கோடுகள் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பயணத்தில் ரேடாரால் அளந்த தரவிலிருந்து வரையப்பட்டவை. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இருபது மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்துப் பாறைமுகம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மென்மையான சரிவாக மாறிவிடலாம். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் அளந்தது பெரும்பாலும் தரையை விட மரங்களின் தலைக்குப் பக்கத்தில். எங்கள் வலதுபக்கத் தடம் முடியும் இடமே இதற்குச் சாட்சி. கோடுகளைப் பார்த்தால் இறங்கிவிடலாம் போலத்தான் தோன்றும். நேரில் போய் நின்றால் கால் கூசும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே நிச்சயம் செங்குத்து. கோடுகள் அகன்றிருந்தால் அங்கே செங்குத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் மற்றவர்கள் பதிவேற்றிய தடங்கள். விக்கிலாக் போன்ற தளங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன, எனக்கும் பலமுறை உதவியிருக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வழி தவறி, முள்ளுக்குள் புகுந்து, பாறையில் தொற்றிக்கொண்டு எப்படியோ கீழே வந்து சேர்ந்த ஒருவரின் தடமும் திரையில் அதே அழகான கோடாகத்தான் தெரியும். நான் ஒரே வழிக்கு மூன்று பேருடைய தடங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒட்டிப் போகும் இடத்தில் பாதை இருக்கிறது. ஒன்று மட்டும் விலகிப் போனால் அந்த இடத்தில் அவருக்கு என்ன ஆயிற்று என்று யோசிப்பேன். தேதியையும் பார்ப்பேன், எட்டு வருடத்துக்கு முந்தைய தடத்தில் இன்று புதர் மண்டியிருக்கலாம்.

செயலி காட்டும் நேரத்தை நம்பி இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சரிபார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். எங்கள் சுற்றுப்பாதைக்கு 1 மணி 48 நிமிடமும் 45 நிமிடமும் சேர்த்து இரண்டரை மணிக்குச் சற்று மேல் வருகிறது. உட்காருவது, படம் எடுப்பது, பேசிக்கொண்டு நிற்பது எல்லாம் சேர்த்து நாங்கள் மூன்றரை மணி நேரம் எடுக்கிறோம். ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு மணிக்கும் குறைவாகக் காட்டும் செயலியைப் பார்த்தால் நேரம் பற்றி அது சொல்வதை நான் ஒதுக்கிவிடுவேன்.

தூரமும் அப்படியே. ஒரே நடையை இரண்டு போனில் பதிவுசெய்தபோது ஒன்று 9.1 கிலோமீட்டர் என்றது, மற்றது 9.7. நாம் நிற்கும்போதுகூடப் புள்ளி இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருக்கும், அந்தச் சின்னத் தாவல்கள் எல்லாம் தூரத்தில் சேர்ந்துவிடும். சில செயலிகள் அவற்றை வடிகட்டும், சில வடிகட்டாது.

பேட்டரிக்கு என் வழக்கம் இது: ஏர்பிளேன் மோட், திரை வெளிச்சம் குறைவு, வழியைப் பதிவுசெய்வது மட்டும் பின்னணியில் ஓடும். டவர் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், அதை நிறுத்தினாலே பெரிய மிச்சம். குளிரில் போனை வெளிப்பையில் வைக்காதீர்கள், உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும் பழக்கம் உண்டு. ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்தால் என் தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு நேர்க்கோடு, பள்ளத்தாக்கைப் பறந்து தாண்டியதுபோல. போனின் அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொன்ன பிறகு அது மறுபடி நடக்கவில்லை.

இன்னொரு சோதனையையும் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும்: உங்கள் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை எத்தனை தட்டலில் பார்க்க முடிகிறது? அவசரத்தில் மீட்புக் குழுவுக்கு அந்த எண்களைத்தான் வாசிக்க வேண்டியிருக்கும். இரண்டு தட்டலுக்கு மேல் ஆனால் அது எனக்குச் சரிவராது. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 45.50 பாகை வேறு, 45 பாகை 50 நிமிடம் வேறு. ஒன்றை மற்றதாகக் கேட்டு எழுதிக்கொண்டால் தேடுபவர்கள் 37 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடுவார்கள். தசம வடிவத்தில் ஐந்து இலக்கம் வரை சொன்னால் ஒரு மீட்டர் அளவுக்கு இடம் தெரிந்துவிடும். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தசம வடிவம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பழகியிருக்கிறோம்.

கடைசியில் என் போனில் தங்கியவை இரண்டு. நடக்கும்போது பார்க்கவும் பதிவுசெய்யவும் ஆஸ்ம்ஆண்ட். அது ஏதாவது காரணத்தால் திறக்காவிட்டால் உடனே எடுக்க ஆர்கானிக் மேப்ஸ், அதிலும் அதே பகுதி, அதே தடம். புதிதாகத் தொடங்குகிறவர் யாராவது ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றால் ஆர்கானிக் மேப்ஸைத்தான் சொல்வேன். பத்து நிமிடத்தில் பழகிவிடலாம், அண்ணன் அப்படித்தான் பழகினார். தாள் வரைபடமும் திசைகாட்டியும் அவர் பையில் எப்போதும் இருக்கும், அதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. போன் தண்ணீரில் விழுந்தால் இரண்டு செயலியும் சேர்ந்தேதான் போகும்.

ஒவ்வொரு நடைக்கும் இரண்டு நாள் முன்னால் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வைஃபையை அணைத்து, ஏர்பிளேன் மோட் போட்டு, போனை முழுதாக அணைத்து மறுபடி இயக்குவேன். பிறகு செயலியைத் திறந்து, போகப்போகும் பாதையின் ஒவ்வொரு கவட்டையும் கடைசி அளவு வரை பெரிதாக்கிப் பார்ப்பேன். அங்கே சாம்பல் கட்டம் வந்தாலோ, எந்தப் பெட்டியாவது எதையாவது கேட்டாலோ, சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

ஐந்தாவது வாரம் போனபோது மரப்பாலம் இல்லை. மழையில் ஓடை பெருகி அடித்துக்கொண்டு போயிருந்தது, இரு கரையிலும் கற்கள் மட்டும் மிச்சம். இரண்டு செயலியிலும் பாலம் அப்படியே இருந்தது. "தெரியாம ராத்திரியில வர்றவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் அண்ணன். வீட்டுக்கு வந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு தொடங்கி, பாலம் என்ற குறியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஓடையில் இறங்கிக் கடக்க வேண்டிய இடம் என்று மாற்றினேன். கால் மணி நேரம் ஆயிற்று. சில வாரம் கழித்து வரைபடத்தைப் புதுப்பித்துவிட்டு அண்ணனிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். கோடு ஓடைக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறியிருந்தது.